ஆதன் ஏன் எந்திரிச்சுப் போகல?

ஜூன் 3, செவ்வாய்

நாப்பத்தொண்ணாவது அத்தியாயம் வந்துருச்சு!!! மத்தியானம் 2:52க்கு நோட்டிபிகேஷன். நான் அப்போ மொட்டமாடில துணி எடுத்துட்டு இருந்தேன். காத்து சீசன் ஆரம்பிச்சாச்சு, ஊரச் சுத்தி இருக்கற கரண்டு காத்தாடி அத்தனையும் பேய் மாதிரி சுத்துது. போன பாத்த கேப்ல அப்பா பனியன் பறந்து பக்கத்து வீட்டு முருங்கைல மாட்டிக்கிச்சு. அம்மா கீழ இருந்து "ஏட்டி இசக்கி, அங்கன என்ன பண்ணுத?"ன்னு கத்துறாங்க. நான் முருங்கைக்கு அடில நின்னே முழுசையும் படிச்சு முடிச்சுட்டேன்.

இந்த டைரிய யாரும் படிக்கப் போறதில்ல. ஆனா ரசிகர் விக்கி சைட்டுக்கு எழுதி எழுதி, எத எழுதுனாலும் புதுசா வர்ற ஆளுக்கு வெளங்கணும்னு ஆயிருச்சு. அதனால:

"தூரநிலை ஏழு" ஒரு இணையத் தொடர். எழுதறவர் பேரு மழைக்காகம். யாருன்னு யாருக்கும் தெரியாது. கதை இதான்: சூரியன விட்டு ரொம்ப தூரத்துல ஒரு நிலையம். ஆதன்னு ஒருத்தன் எட்டு மணி நேர டியூட்டிக்கு அங்க போறான். அவன மாத்தி விட வேண்டிய ஆள் வரவே இல்ல. பதினொரு வருசமா அதே சீட்டுல உக்காந்திருக்கான். மணிக்கொரு தடவ மீட்டர் பாத்து நோட்டுல எழுதுறான். சாப்பாட்டு டப்பாவ எறும்பு வராம ஒயர்ல தொங்க விட்டுருப்பான். (விண்வெளில எறும்பு எப்படி வந்துச்சு? இதப் பத்தி மட்டும் எங்க வாசகர் குரூப்ல ஆறு தியரி ஓடுது. எறும்புதான் ஏலியன்ங்கறது என்னுது.) நிலையத்துக் கடிகாரம் எப்பவும் நாலு நிமிசம் முந்தி ஓடும். இந்த ரெண்டையும் நான் விக்கில "பிழைகள்" பக்கத்துல போட்டிருக்கேன்.

மொத்தம் முன்னூத்திச் சொச்சம் வாசகர்கள். விக்கி முழுக்க நான் கட்டுனது. கோடிங் வீடியோ பாத்து நானே கத்துக்கிட்டது.

அப்பா மூணே காலுக்கு வந்தாரு. அப்பா கரண்டு சப்ஸ்டேஷன்ல ஆபரேட்டர், இந்த வாரம் ஆறு டு ரெண்டு. "வண்டில பத்து நிமிசம். டீக்கடையில அப்படி என்ன சோலியோ, ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம்"னு அம்மா ஆரம்பிச்சாங்க. அப்பா போன கவுத்து வச்சிட்டு சாப்பிட உக்காந்துட்டாரு.


ஜூன் 5, வியாழன்

ரெண்டு நாளா கோவம் அடங்கல. எழுதிட்டேன்.

நாப்பத்தொண்ணுல என்ன நடக்குதுன்னா, பூமில இருந்து ஆதனோட பொண்ணு குரல் வருது. "நாளைக்கு மேடையேறுறேன், வருவியா?" தப்பிச்சுப் போற கலம் ரெடியா இருக்கு, பதினேழாம் அத்தியாயத்துலயே ரிப்பேர் பண்ணியாச்சு. கதவு தொறந்துதான் கெடக்கு. மெஷின் தானா ஓடும். யாரும் அவனப் பிடிச்சு வைக்கல. ஆனாலும் அவன் நோட்ட எடுத்து, "நார்மல்"னு எழுதிட்டு உக்காந்திருக்கான். அத்தியாயம் முடிஞ்சு போச்சு.

என்ன சார் இது?

"ஆதன் ஏன் எந்திரிச்சுப் போகல?"ன்னு தலைப்பு வச்சு, விக்கில என் புனைபேர்ல நீளமா ஒரு கட்டுரை. தொடரோட மிகப்பெரிய ஓட்டை, பிழை எண் 1. கடைசில சொந்த வாழ்க்கை உதாரணம் ஒண்ணு சேத்தேன், எழுத்துக்கு ஒரு இது வேணும்லா. பத்தாவதுல மாவட்ட அறிவியல் கண்காட்சில எனக்கு முதல் பரிசு. மழை பெஞ்சா துணிக்கொடிய தானா உள்ள இழுக்கற மெஷின். ஒரு ஆள் கண்டிப்பா வாரேன்னு சொல்லியிருந்தாரு. எங்கம்மா பக்கத்து சேர்ல பச்ச ஹேண்ட்பேக்க வச்சு எடம் பிடிச்சிருந்தாங்க. கடைசி வரைக்கும் அந்த ஹேண்ட்பேக்தான் உக்காந்திருந்துச்சு. "பெத்த பொண்ண விட ஒரு சீட்டு பெருசுன்னா, அந்த மாதிரி ஆள் கதைல மட்டும் இல்ல, நேர்லயும் எனக்குப் புரியல"ன்னு முடிச்சேன்.

நல்லா வந்திருக்கு. அழுதுட்டுல்லாம் எழுதல.


ஜூன் 6, வெள்ளி

எண்பத்தேழு லைக்! மழைக்காகம் பதில் போடல.


ஜூன் 10, செவ்வாய்

நேத்து ராத்திரி 10:46க்கு மழைக்காகம் போட்டிருக்காரு. காலைல பல் வெளக்கிட்டே பாத்தேன். இவ்வளவுதான்:

"வாசகர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தொடரை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். மன்னிக்கவும்."

நிறுத்திக்கொள்கிறேன். நிறுத்தி. கொள்கிறேன்.

குரூப் முழுக்க என் மேல பாய்ஞ்சாச்சு. நிரோஜினி அக்கா மட்டும் தனியா மெசேஜ் போட்டாங்க. அவங்க யாழ்ப்பாணம், பேங்க்ல வேல பாக்காங்க, விக்கில எழுத்துப்பிழை திருத்தறது அவங்கதான், என் நிஜப்பேரு தெரிஞ்சதும் அவங்களுக்கு மட்டும்தான். "இசக்கி, உமக்குப் பிழை கண்டுபிடிக்கிறது மட்டும்தான் தெரியுமோ? அந்த மனுசன் எங்களுக்குச் சும்மா எழுதித் தாறார். பாவமப்பா. போய் அவரோட கதையும்."

எங்க போயிக் கதைக்க? ஆளே யாருன்னு தெரியலயே அக்கா.

சாரின்னு கமெண்ட் போட்டேன். மூணு தடவ.

அப்பா மத்தியான டியூட்டிக்குக் கிளம்பறதுக்கு முந்தி பரண்ல ஏறி எதையோ உருட்டிக்கிட்டு இருந்தாரு. "என்னத்தத் தேடுதீங்க?"ன்னு அம்மா கேட்டாங்க. "ஒண்ணுமில்ல, பழைய அட்டப்பெட்டி." எறங்கி வந்தவரு என் ரூம் வாசல்ல நின்னு, "லேப்டாப்பு சூடாகுதா?"ன்னாரு. இல்லப்பான்னேன். சரின்னுட்டுப் போயிட்டாரு.

நானும் அப்பாவும் பேசிக்கறதில்லன்னு சொல்ல முடியாது. மோட்டார் போடு, மோட்டார நிறுத்து, கேஸ் வந்துச்சா. டிசம்பர்ல நான் இன்ஜினியரிங்க பாதில விட்டதுல இருந்து அவ்வளவுதான். அவரு திட்டவே இல்ல. திட்டியிருந்தா பதிலுக்கு ரெண்டு கத்தி முடிச்சிருக்கலாம்.


ஜூன் 12, வியாழன்

சாரி சொன்னா ஆள் வராது, டேட்டா இருந்தா வரும். நாப்பத்தோரு அத்தியாயமும் எந்தத் தேதி, எந்த நேரத்துல வந்துச்சுன்னு இழுத்தெடுக்க குட்டியா ஒரு ப்ரோக்ராம் எழுதுனேன். கிராப் போட்டுப் பாத்தா அடேங்கப்பா!!!

மூணே மூணு கொத்து. ரெண்டரைல இருந்து மூணு மணி. பத்தரைல இருந்து பதினொண்ணு. காலைல ஆறரைல இருந்து ஏழு. ஒரு வாரம் இது, மறு வாரம் அது, மூணு வாரத்துல சுத்தி வருது. மழைக்காகம் ஷிப்ட் வேலை பாக்கறவரு! வேலை முடிஞ்ச கையோட எங்கயோ உக்காந்து ஏத்தி விடுதாரு.

குரூப்ல போட்டேன், பத்திக்கிச்சு. மில்லு, ஆஸ்பத்திரி, ஏர்போர்ட்டுன்னு ஆளாளுக்கு ஒண்ணு. நடுவுல பிப்ரவரில பதினோரு நாள் ஒண்ணுமே வரல. அது ஏன்னு யாருக்கும் தெரியல. எனக்கு அப்போ டெங்கு வந்து ஆஸ்பத்திரில கெடந்தேன், அதனால அந்த கேப்ப நான் கவனிக்கவே இல்ல. ரசிகைன்னு சொல்லிக்கிட்டு என்ன பிரயோஜனம்.

இன்னும் ரெண்டு வாரத்துல ஆளக் கண்டுபிடிக்கேன். கால்ல விழுந்தாவது நாப்பத்திரெண்டு எழுத வைக்கேன். சபதம்.


ஜூன் 19, வியாழன்

ரெண்டு விசயம்.

ஒண்ணு: திருநெல்வேலில ஒரு சின்ன வெப்சைட் கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க! விக்கி லிங்க்தான் அனுப்பினேன். டிகிரியே கேக்கல. வர்ற செவ்வாக்கிழம நாலரைக்கு.

ரெண்டு: அப்பாவுக்கு இந்த வாரம் நைட்டு. காலைல வந்து தூங்காம வெராண்டால என்னமோ பண்ணிட்டு இருந்தாரு. போயிப் பாத்தா என் மெஷின். துணிக்கொடி மெஷின்! நாலு வருசமா பரண்ல கெடந்தது.

"ஒயரு விட்டுருந்துச்சு. ஒட்டிட்டேன்"னாரு. சென்சார் மேல ஒரு சொட்டுத் தண்ணி விட்டாரு. மோட்டார் முக்கி முனகி, பொம்மக் கொடிய உள்ள இழுத்துக்கிச்சு. அதுல நான் அன்னைக்குத் தொங்கவிட்ட பேப்பர் சட்டைங்க கூட அப்படியே இருக்கு.

"எதுக்குப்பா திடீர்னு?"

"சும்மாதான்." ஸ்குருடிரைவரத் தொடச்சு டப்பாவுல போட்டாரு. "செவ்வாக்கிழம எனக்கு காலை ஷிப்ட்டுதான். ரெண்டு மணிக்கு வந்துருவேன். நான் கூட்டிட்டுப் போறேன்."

அம்மா அடுப்படில இருந்து எட்டிப் பாத்தாங்க. நான் சரின்னேன். வேற என்ன சொல்ல.


ஜூன் 24, செவ்வாய். பஸ்ல, போன்ல எழுதறேன்

ஒரு வரிய மூணு தடவ அழிச்சு எழுதறேன். இன்டர்வியூவுக்காக இல்ல.

ரெண்டு ஆச்சு, ரெண்டே கால் ஆச்சு, அப்பா வரல. போன் எடுக்கல. அம்மா, "அப்பாவ மாத்தி விடற ரிலீவர் வந்திருக்க மாட்டான், நீ பஸ்ல போ"ன்னு பச்ச ஹேண்ட்பேக்க எடுத்து என் கைல குடுத்தாங்க. அதே ஹேண்ட்பேக். எனக்கு எங்க இருந்து வந்துச்சோ அந்தக் கோவம். அம்மா ஸ்கூட்டிய எடுத்து நேரா சப்ஸ்டேஷனுக்கு விட்டேன். இன்னைக்குக் கேட்டே ஆகணும்னு.

இருவது வருசத்துல நான் அதுக்குள்ள போனதே இல்ல. கன்ட்ரோல் ரூம் கதவு தொறந்துதான் கெடந்துச்சு. ம்ம்ம்னு ஒரு சத்தம், தரையில இருந்து கால் வழியா ஏறுது. சுவரு முழுக்க மீட்டரு. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் கண்ணுக்கெட்டுன மட்டும் காத்தாடி, ஒரு மனுசன் கிடையாது. நடுவுல ஒரு சேரு, சேர்ல துண்டு, துண்டு மேல அப்பா.

"ஸ்டீபன் வரல. புள்ளைக்கு வலிப்பு வந்துருச்சாம், ஆஸ்பத்திரில நிக்கான். நீ பஸ்ல போயிரும்மா."

"மெஷின் அது பாட்டுக்குத்தான ஓடுது? எந்திரிச்சு வாங்க! யாரு ஒங்கள இங்க கட்டிப் போட்டிருக்கா?"

சொல்லி முடிக்கும்போதே இத எங்கயோ எழுதியிருக்கமேன்னு தோணுச்சு.

அப்பா கத்தல. ஜன்னல் பக்கமா கைய நீட்டுனாரு. "அங்கன மூணு பேரு கம்பில நிக்கான். கரண்ட நிறுத்தி, இனி ஏறலாம்னு சொன்னது நான். அவனுவ எறங்கிட்டோம்னு எங்கிட்டதான் சொல்லணும். நான் எந்திரிச்சுப் போயி, வெவரம் தெரியாதவன் எவனாவது வந்து சுவிட்சப் போட்டா?"

"அன்னைக்கு... பத்தாவதுல..."

"அன்னைக்கும் மூணு பேரு. டவரு மேல. காத்து, மழை. ரிலீவர் வரல."

"சொல்லியிருக்கலாம்லாப்பா!"

"என்னன்னு சொல்ல? வரலன்னா வரலதான. எடம் பிடிச்சு வச்சும் வரலதான."

அப்போ போன் அடிச்சுது. மேசை மேல இருக்கற பழைய கருப்பு போன். மறுமுனை எனக்கே கேட்டுச்சு, அவ்வளவு சத்தம். "சார், ஆளு, சாமான் எல்லாம் எறங்கியாச்சு."

"பேரச் சொல்லு."

"மாடசாமி சார்."

"அடுத்தவன்ட்ட குடு."

"சார், ரெண்டு பேரும் பக்கத்துலதான் நிக்காங்க..."

"குடுல."

மூணு பேரும் அவங்கவங்க வாயால பேரச் சொன்னதுக்கு அப்புறம்தான் அப்பா பேனாவ எடுத்தாரு. "நேரம்?" "ரெண்டு முப்பத்தேழு." "எழுதிக்கிட்டேன்."

நான் சுவத்துக் கடிகாரத்தப் பாத்தேன். ரெண்டு நாப்பத்தொண்ணு.

நாலு நிமிசம் முந்தி.

அப்பா எந்திரிச்சு ஜன்னல் கிட்டப் போனாரு. ஜன்னல் கம்பில இருந்து ஒரு செப்புக் கம்பி, அதுல தூக்குச்சட்டி தொங்குது. அதுக்குக் கீழ சுவரு ஓரமா எறும்பு, வரிசையா.

"தயிர்சாதம் மிச்சம் இருக்கு. பஸ்ல சாப்பிடு"ன்னு கழட்டிக் குடுத்தாரு.

"இனி வரலாம்லா? அவங்கதான் எறங்கிட்டாங்களே?" எதையாவது பேசணும்னு பேசினேன்.

"ரிலீவர் வரணும்லா ஏட்டி"ன்னு சிரிச்சாரு. அப்பா சிரிச்சு நான் பாத்து எத்தன மாசம் ஆச்சு.

ஸ்கூட்டிய பஸ் ஸ்டாண்டுல போட்டுட்டு, இப்போ தூக்குச்சட்டிய மடில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பிப்ரவரில அந்தப் பதினோரு நாளு. ஆஸ்பத்திரி பெஞ்சுல அப்பா கால் நீட்டாம உக்காந்திருந்தது. டீக்கடை. எல்லாம் ஒண்ணொண்ணா வந்து விழுது. அந்தக் கட்டுரை! பச்ச ஹேண்ட்பேக்! அதப் படிச்ச நிமிசமே அவருக்குத் தெரிஞ்சிருக்கும், எழுதுனது யாருன்னு. தெரிஞ்சுதான் பரண்ல ஏறியிருக்காரு.

முன்னூறு பேர் முன்னாடி எங்கப்பாவ நான்

பக்கத்து சீட்டு அக்கா, "என்னம்மா, சாதம் காரமா?"ங்கறாங்க. தயிர்சாதம் எங்கயாவது காரமா இருக்குமா அக்கா.


ஜூன் 25, புதன்

இன்டர்வியூ: நல்லாத்தான் போச்சுன்னு நெனக்கேன். "நீங்க பண்ணதுலயே மோசமான பக் எது?"ன்னு கேட்டாங்க. "மத்தவங்க எழுதுனதுல பிழைன்னு நான் குறிச்சு வச்சது"ன்னேன். அந்த சார் என்னைய ஒரு மாதிரி பாத்தாரு.

அப்பா கிட்ட கேக்கலாம். சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போது "நீங்கதான மழைக்காகம்?"னு ஒரே வரி. கேக்கல. விக்கில முதல் விதி, ஸ்பாய்லர் கூடாது. அவராச் சொன்னா சொல்லட்டும்.

அதுக்குப் பதிலா மூணு வேலை பண்ணேன். ஷிப்ட் கிராப்ப அழிச்சுட்டு, "கணக்கு தப்பு, டேட்டா பத்தல"ன்னு குரூப்ல புளுகினேன். எறும்பையும் கடிகாரத்தையும் பிழைகள் பக்கத்துல இருந்து தூக்கினேன். நிரோஜினி அக்கா, "ஏன் எடுத்தனீர்?"னு கேட்டாங்க. "அது எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா. நான்தான் போயிப் பாக்காம எழுதிட்டேன்"னேன். எங்க போயிப் பாத்தேன்னு அவங்க கேக்கல. "ஓம்"னு மட்டும் போட்டாங்க, அவங்க ஊரு "ஆமா". அக்கா கெட்டிக்காரி.

மூணாவது, மழைக்காகத்தோட கடைசிப் பதிவுல கமெண்ட்: "பிழை எண் 1 நீக்கப்பட்டது. ஆதன் யாரையோ வெளிய வேலைக்கு அனுப்பியிருக்காரு. அவங்க திரும்பி வந்து பேரச் சொல்ற வரைக்கும் அவரால எந்திரிக்க முடியாது. பொண்ணு மேல பாசம் இல்லாம இல்ல. இது சரியா? சரின்னா தயவுசெஞ்சு எழுதுங்க. நாங்க காத்திருக்கோம்."

எழுத அரை மணி நேரம் ஆச்சு. அப்பாவுக்கு இவ்வளவு பெருசா நான் எதையும் சொன்னதே இல்ல.

2:44. பதில்: "சரி."


ஜூன் 27, வெள்ளி

வேலை கெடச்சிருச்சு!!! மூணு மாசம் டிரெய்னிங், அப்புறம் பாக்கலாம்னு சொன்னாங்க. ஜூலை ஒண்ணாந்தேதி சேரணும். அம்மா சாமிப்படத்துக்கு முன்னாடியே நின்னு அழுதாங்க. அப்பா, "பஸ் பாஸ் எடுக்கணும்"னாரு.


ஜூன் 28, சனி

நாப்பத்திரெண்டு. 2:52.

மேல ஒரு குறிப்பு போட்டிருக்காரு. "வெளியே அனுப்பியவர்கள் பத்திரமாகத் திரும்பிவிட்டோம் என்று சொல்லும்வரை இருக்கையை விட்டு எழக்கூடாது. இதை முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன். தவறு என்னுடையது. சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி."

தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டாராம். நாப்பத்தோரு அத்தியாயம் எழுதிட்டு, மெயின் விசயத்த மட்டும் சொல்ல மறந்த ஒரே எழுத்தாளர் எங்கப்பாதான். வீட்டுலயும் அப்படித்தான்.

அத்தியாயத்துல என்ன இருக்குன்னு இங்க எழுத மாட்டேன். ஆதன் பொண்ணு மேடையில தன் பக்கத்துல ஒரு காலி நாற்காலி போடச் சொல்றாள்னு மட்டும் சொல்லிக்கறேன். அதுல யாரும் பைய வைக்கல.

சாயங்காலம் அப்பா தோசை சாப்பிடும்போது போன கவுத்து வைக்கல. நேராத்தான் வச்சிருந்தாரு. நான் பாக்கல. சட்னி ஊத்திட்டு வந்துட்டேன்.


ஜூலை 1, செவ்வாய்

முதல் நாள். எனக்குன்னு ஒரு மேசை, அதுல ஆடற மானிட்டர். என் பேர ரெண்டு எடத்துல தப்பா அடிச்சிருந்தாங்க, திருத்திட்டேன். மத்தியானம் எல்லாரும் ஒண்ணா சாப்பிடறாங்க, எனக்கும் எடம் விட்டாங்க.

திரும்பி வரும்போது காத்து அப்படி அடிச்சுது, பஸ்ஸே சாஞ்சு சாஞ்சு வந்துச்சு. ஸ்டாப்புல எறங்கிப் பையப் பாத்தேன். லேப்டாப், சார்ஜர், டிபன் டப்பா, ஐ.டி. கார்டு. எல்லாம் இருக்கு.

அப்பாவுக்கு இந்த வாரம் ரெண்டு டு பத்து. செல்போனுக்கு அடிக்கல. கன்ட்ரோல் ரூம் நம்பருக்கு அடிச்சேன், அம்மா அடுப்படிச் சுவத்துல எழுதி வச்சிருக்கற நம்பர். ரெண்டாவது ரிங்லயே எடுத்தாரு.

"சப்ஸ்டேஷன்."

"ஆளு, சாமான் எல்லாம் எறங்கியாச்சு"ன்னேன்.

அந்தப்பக்கம் ம்ம்ம்னு அந்தச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் பேனா மூடி கழட்டற சத்தம்.

"பேரச் சொல்லு"ன்னாரு.

"இசக்கியம்மாள்."

"நேரம்?"

"ஆறு இருவது."

"எழுதிக்கிட்டேன்"னாரு அப்பா.